பத்துப் பானை டீசல், இரண்டரைப் பானை மின்சாரம்

எமிலியானாவின் அளவுப்படி, ஒரு டீசல் கார் இத்தாலியின் பலெர்மோ நகரில், பல்லரோச் சந்தையிலிருந்து புறப்பட்டு, சாந்தா றொசாலியா மலையில் ஏறி, மறுபக்கத்தால் மொண்டெல்லோக் கடற்கரைக்கு இறங்கி, பூங்காவை ஊடறுக்கும் சமதரை வீதியால் திரும்பி வருவதற்குப் பத்துப் பானை சோறு தின்னும். காஸில் ஓடும் கார் பதினொன்றரைப் பானை தின்னும். இரண்டையும் அவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அளந்து முடித்துவிட்டார். மின்சாரக் கார் எத்தனை பானை தின்னும் என்பதை மூன்றாம் ஞாயிறு ஒரு மணிக்கு முன் அறிந்தாக வேண்டியிருந்தது.

பானை என்பது அவருடைய அலகு. பல்லரோச் சந்தைக்குப் பின்னாலுள்ள ஒடுக்கமான சந்தில், வீதி மட்டத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து எட்டு வருடங்களாகச் சோற்றுப் பார்சல் செய்கிறார். ஒரு பானைக்கு நாலு கிலோ அரிசி. அதை மின்சார அடுப்பில் வேகவைக்க இரண்டு யூனிற் மின்சாரம் போகும். இது ஊகம் அல்ல. சுவருக்கும் அடுப்புக்கும் நடுவில் செருகும் சிறிய மீற்றர் ஒன்றை வாங்கி, பத்து நாட்கள் விடாமல் எழுதிவைத்து எடுத்த சராசரி.

அந்த அறைக்கு மூன்று கிலோவாற் மின்சாரம்தான் அனுமதி. இரண்டு அடுப்பை ஒரே நேரத்தில் முழு வேகத்தில் போட்டால் மீற்றர் விழுந்து அறை இருண்டுவிடும். அப்படி விழுந்து விழுந்துதான் எந்தச் சாமான் எவ்வளவு இழுக்கும் என்று அவருக்கு மனப்பாடமானது. மற்றவர்கள் அடுப்பைப் பார்த்தால் அடுப்பு தெரியும். எமிலியானாவுக்கு ஆயிரத்தெண்ணூறு வாற் என்ற எண் தெரியும்.

மன்னாரிலிருந்து பலெர்மோவுக்கு வந்தபோது அவருக்கு இருபத்துநாலு வயது. இப்போது நாற்பத்துமூன்று. பதினொரு வருடங்கள் வீடு துடைத்தார். அதில் ஏழு வருடங்கள் மொண்டெல்லோவில், இத்தாலிய அம்மையார் சின்யோரா ஒர்னெல்லாவின் வீட்டில். சாரதி அனுமதிப் பத்திரத்துக்கான எழுத்துப் பரீட்சையில் நாலு தரம் தவறி, ஐந்தாம் தரம் ஒரு பிழைகூட இல்லாமல் தேறினார். அதற்குப் பிறகு ஒரு பழைய டீசல் காரை வாங்கி, மொண்டெல்லோ உணவகங்களின் சமையலறைகளில் கோப்பை கழுவுகிற, மீன் வெட்டுகிற தமிழர்களுக்கு மதியச் சோறு கொண்டுபோகத் தொடங்கினார். நாள் முழுக்கப் பாஸ்தாவின் ஆவியில் நிற்கிறவர்களுக்கு மீன்குழம்பு கண்ணில் பட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டாம் மாதம் இருபத்தைந்து பார்சல், இப்போது நாற்பது.

ஞாயிறுதான் பெரிய நாள். பலெர்மோத் தமிழர்கள், கிறிஸ்தவர்களான வேதக்காரரும் சைவக்காரரும், ஞாயிறு காலையில் சாந்தா றொசாலியாவின் குகைக் கோயிலுக்கு நடந்து ஏறுவார்கள். பலர் வெறுங்காலோடு ஏறுவார்கள். எமிலியானா காரில் பார்சல்களோடு மேலே போய், ஏறி வந்தவர்களுக்கு விற்றுவிட்டு, மறுபக்கத்தால் மொண்டெல்லோவுக்கு இறங்குவார். மாலையில் சமதரை வீதியால் இன்னொரு தரம் மொண்டெல்லோ போய் வருவார். ஏறுவது நேர்த்திக்கடன், அதை நடந்துதான் ஏறவேண்டும். இறங்குவதற்கு நேர்த்தி கிடையாது. இறங்கும்போது யாருடைய காரில் இடம் இருந்தாலும் அதில் ஏறிக்கொள்வது வழக்கம்.

இந்த வருடம் அவருடைய பழைய டீசல் காரைச் சோதனைக்குக் காட்டும் முறை வந்தது. கராஜ்காரர் புகைக்குழாயில் கருவியைச் செருகிவிட்டு, எண்ணைப் பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டார். மாத முடிவுக்குப் பிறகு அந்தக் கார் வீதியில் ஓடக்கூடாது. கார் இல்லாவிட்டால் மொண்டெல்லோ இல்லை. மொண்டெல்லோ இல்லாவிட்டால் மீண்டும் வாளியும் துடைப்பமும்தான்.

அந்த நேரம்தான் சின்யோரா ஒர்னெல்லா தொலைபேசி எடுத்தார். எண்பத்திரண்டு வயதாகிவிட்டது, இனி வாகனம் ஓட்டப்போவதில்லை, தன்னுடைய சிறிய மின்சாரக் காரை எமிலியானாவுக்குக் குறைந்த விலைக்குத் தரலாம் என்றார். கார் பழையது, பற்றறியும் பழையது. புதிதாக இருந்தபோது பதினாறு யூனிற் கொள்ளும், இப்போது பதினொன்றுதான் கொள்ளும். அவருடைய தங்கையின் மகன் சால்வோ, அதை வாங்க வேறு ஒருவரையும் பார்த்து வைத்திருந்தான். மூன்றாம் ஞாயிறு பகல் ஒரு மணிக்குள் எமிலியானா ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லவேண்டும். அதற்கு மேல் காத்திருக்கமாட்டான்.

செய்தி பரவியதும் ஆலோசனைகள் வந்தன. முதலில் வந்தவர் மகேந்திரராசா. வன்னியில் லொறி ஓட்டியவர், இங்கே மீன் வியாபாரி ஒருவரின் வாகனம் ஓட்டுகிறார், சொந்தமாகவும் ஒரு டீசல் கார் வைத்திருக்கிறார்.

“டீசல் எண்டால் டீசல்தான், தங்கச்சி. மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் நல்லதொண்டு விக்கிறார்.”

“விலை சின்யோராவின்ரை காரிலும் மூண்டு மடங்கு, அண்ணை.”

“விலையைப் பாக்காதை. ஓட்டத்தைப் பார்.”

அதற்குள் எமிலியானாவின் மைத்துனர் றமேஸ் வந்துவிட்டார். அவருடைய கார் காஸில் ஓடுவது. “லீற்றர் பாதி விலைகூட இல்லை மச்சாள். இவர் டீசலுக்குக் குடுக்கிற காசுக்கு நான் ரோமாபுரி போய் வருவன்.”

“போவாய், திரும்பி வரமாட்டாய்,” என்றார் மகேந்திரராசா. “காஸ் முடிஞ்சிடும்.”

இருவரும் அறை வாசலில் நின்று அரை மணித்தியாலம் கதைத்தார்கள். எமிலியானா வெங்காயம் அரிந்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“வாயாலை ஓடினால் எந்தக் காரும் எண்ணெய் குடிக்காது. அளந்து பாப்பம்.”

அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. டீசல் லீற்றரில் வரும், காஸும் லீற்றரில் வரும், ஆனால் ஒரு லீற்றர் இன்னொரு லீற்றருக்குச் சமன் இல்லை. மின்சாரம் லீற்றரிலேயே வராது. எமிலியானாவின் மகள் றம்யா தொலைபேசியில் தேடிச் சொன்னாள்: ஒரு லீற்றர் டீசலுக்குள் ஏறத்தாழ பத்து யூனிற் சக்தி இருக்கிறது, ஒரு லீற்றர் காஸுக்குள் ஏழு. இரண்டு யூனிற் ஒரு பானை என்று எமிலியானாவுக்கு முன்பே தெரியும். எல்லாவற்றையும் பானையாக்கிவிட்டார்.

பாதை ஒன்று, நேரம் ஒன்று, பாரம் ஒன்று. ஓட்டுபவர் எமிலியானா, கூட நாற்பது பார்சல். மகேந்திரராசா ஒரு விதி சேர்த்தார்.

“வழியிலை ஒருத்தரையும் ஏத்தப்பிடாது. பாரம் மாறினால் கணக்கு மாறும்.”

சரியான விதியாகத்தான் தெரிந்தது. எமிலியானா ஒப்புக்கொண்டார்.

முதல் ஞாயிறு மகேந்திரராசாவின் டீசல் கார். போகுமுன் ஒரே பம்பில், ஒரே சரிவில் நிறுத்தி, குழாய் மூன்று தரம் தானாக நிற்கும்வரை நிரப்பினார்கள். திரும்பி வந்து மீண்டும் அதே மாதிரி நிரப்பியபோது இரண்டு லீற்றர் பிடித்தது. இருபது யூனிற், பத்துப் பானை. இரண்டாம் ஞாயிறு றமேஸின் காஸ் கார். மூன்று லீற்றரும் கொஞ்சமும் போனது, பதினொன்றரைப் பானை. காஸ் கூடத் தின்னும், ஆனால் மலிவான சாப்பாடு தின்னும் என்று எமிலியானா எழுதிக்கொண்டார். அந்த இடத்தில் றமேஸுக்கு ஒரு வெற்றி. ஆனால் காஸ் உருளை பின்பெட்டியில் பாதியை அடைத்துக்கொண்டிருந்ததால் பதினெட்டுப் பார்சலை முன் ஆசனத்திலும் கால்மாட்டிலும் வைக்கவேண்டி வந்தது. ஒரு வளைவில் மூன்று சாம்பார் ஊற்றுண்டன. றமேஸ் இன்றைக்கும் காரைக் கழுவியபடி அதைப் பற்றிக் கதைப்பார்.

இரண்டு ஞாயிறும் மலை உச்சியில் எமிலியானாவுக்குச் சங்கடம். பார்சல் வாங்கியவர்கள் வழக்கம்போலக் காரைச் சுற்றி நின்றார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு தனியே ஏறித் தனியே இறங்கினார். மொண்டெல்லோவுக்கு வந்து சேருமுன்பே, எமிலியானாவுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்ற கதை அங்கே வந்து சேர்ந்திருந்தது.

மூன்றாம் ஞாயிறுக்கு முன் அவர் ஒரு வரம்பு போட்டார். அடுப்பு எரியும்போது காரை மின்னேற்ற முடியாது, மீற்றர் விழுந்துவிடும். இரவில் மட்டும்தான் ஏற்றலாம். ஆகவே காலையில் நூறு வீதத்தோடு புறப்படும் கார் அந்த ஒரு நிரப்பலில் முழு நாளையும் முடிக்கவேண்டும். மொண்டெல்லோவிலிருந்து வீடு வரப் பதினைந்து வீதம் போகும். மாலைச் சுற்றுக்கு முப்பது. முப்பதுக்குக் கீழே போனால் பழைய பற்றறி சோர்ந்துவிடும் என்று சின்யோராவே சொல்லியிருந்தார். பதினைந்தும் முப்பதும் முப்பதும் எழுபத்தைந்து. மலை ஏறி இறங்கி மொண்டெல்லோவுக்கு வரும்போது எழுபத்தைந்து வீதமோ கூடவோ இருந்தால் ஓம். ஒன்று குறைந்தாலும் இல்லை. இதை மகேந்திரராசாவிடமும் சொல்லிவைத்தார்.

சனிக்கிழமை சின்யோராவின் காரைக் கொண்டுவந்து, அறையின் சன்னலுக்குள்ளால் வயரை இழுத்து இரவு முழுக்க நிரப்பினார். ஞாயிறு காலை பார்சல்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். சாட்சிக்காக மகேந்திரராசா தன் டீசலில் பின்னால் வந்தார்.

கார் சத்தமே இல்லாமல் ஏறியது. வீதியும் பழைய கல் நடைபாதையும் சந்திக்கும் இடங்களில், நடந்து ஏறியவர்கள் கார் வருவதை அறியாமல் நடுவீதியில் நின்று மூச்சு வாங்கினார்கள். எண் குறைந்துகொண்டே போனது. மலை தொடங்கும் இடத்தில் தொண்ணூற்றுமூன்று, பாதி மலையில் எண்பத்திரண்டு, உச்சியில் எழுபது.

எழுபது. இறக்கத்தில் சில்லு மோட்டாரைச் சுற்ற, மோட்டார் பற்றறிக்குக் கொஞ்சம் மின்சாரம் திருப்பிக் கொடுக்கும் என்று அவருக்குத் தெரியும். எவ்வளவு கொடுக்கும் என்பதுதான் தெரியாது. ஐந்து கொடுக்கவேண்டும்.

பார்சல் அரை மணியில் முடிந்தது. கடைசி மிச்சக் காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், முன் ஆசனத்தில், நடந்து ஏறி வந்த பரமேஸ்வரி அக்கா இருந்தார். ஆசனப்பட்டியும் போட்டாயிற்று.

“அக்கா, இண்டைக்கு ஏத்தேலாது. சோதனை.”

“ஆருக்கு? எனக்கு முழங்கால் சோதனை. ரெண்டு ஞாயிறும் தனியப் போனனீ. பாத்துக்கொண்டுதான் நிண்டனாங்கள்.”

பின் கதவைத் திறந்து பாட்டுக்குழு அகஸ்ரீனா ஏறினார். அவருக்குப் பின்னால் எமிலியானாவின் மச்சாள் யூலியானா ஏறினார். இருவருக்கும் நடுவில், புத்தகத்துக்குள் வைத்த இலைபோல, சாரங்கா செருகப்பட்டாள். அவள் போன வருடம்தான் கிளிநொச்சியிலிருந்து வந்தவள், மெல்லியவள்.

“மச்சாள், உம்மை மன்னிச்சிட்டம்,” என்றார் யூலியானா. “ஆனா இறங்கமாட்டம்.”

பின்னால் மகேந்திரராசா ஹோர்ன் அடித்தார். சன்னலால் தலையை நீட்டி, “கணக்குக் கெட்டுப்போச்சு,” என்றார்.

மணி பன்னிரண்டு பத்து. கீழே போய் மீண்டும் ஏறித் தனியே அளந்து பார்க்க நேரமும் இல்லை, மின்சாரமும் இல்லை. கோயிலிலிருந்து இறங்கும் நாலு பெண்களைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே விடும் துணிவும் எமிலியானாவுக்கு இல்லை. அவர் சாவியைத் திருப்பினார்.

முதல் வளைவில் எழுபது. இரண்டாம் வளைவில் எழுபத்தொன்று.

“அக்கா,” என்றாள் சாரங்கா நடுவிலிருந்து. “நம்பர் கூடுது.”

“பழுதாப் போச்சோ?” என்று பரமேஸ்வரி கதவைப் பிடித்துக்கொண்டார்.

“பழுதில்லை. இறக்கத்திலை பற்றறி நிரம்பும். பாரம் கூடக் கூட நிரம்பும்.”

பிறகு அகஸ்ரீனா மெதுவாகக் கேட்டார். “அப்ப, நாங்கள் பாரமா இருந்தால் நல்லதோ?”

“ஓம்.”

“நல்லதெண்டால், எவ்வளவு நல்லது?”

“அதைத்தான் பிறகு கணக்குப் பாக்கவேணும். உங்கடை நிறையைச் சொல்லுங்கோ.”

பலெர்மோத் தமிழ்ப் பெண்களிடம் காரில் வைத்து நிறை கேட்ட முதல் ஆள் எமிலியானாவாகத்தான் இருக்கவேண்டும். பரமேஸ்வரி வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு எழுபத்தைந்து என்றார். யூலியானா அறுபத்தெட்டு என்றார். அகஸ்ரீனா, டொக்ரரிடம் மட்டும்தான் சொல்வேன் என்றார். அடுத்த வளைவில் எழுபத்திரண்டு வந்தது.

“எழுபத்தைஞ்சு இல்லை, எண்பது,” என்றார் பரமேஸ்வரி.

எழுபத்துமூன்று வந்தது.

“நான் எழுபத்தொன்பது,” என்றார் யூலியானா. “போன மாசம் பாத்தது.”

“இப்ப பாத்தால் எண்பத்தைஞ்சு வரும்,” என்று அகஸ்ரீனா நம்பிக்கை ஊட்டினார். பிறகு மூச்சை இழுத்துவிட்டு, “தொண்ணூற்றிரண்டு,” என்றார். “எங்கடை வீட்டிலை இவருக்கும் தெரியாது.”

காருக்குள் மரியாதை பரவியது. தொண்ணூற்றிரண்டைக் கேட்ட பரமேஸ்வரி, உடுப்போடு எண்பத்தெட்டு என்று தன் கடைசி எண்ணை வைத்தார். அதற்கு மேல் போகவில்லை. உண்மையாக இருக்கவேண்டும்.

“நீ எவ்வளவடி?” என்றார் பின்னால் திரும்பி.

“நாப்பத்தெட்டு,” என்றாள் சாரங்கா.

“நாப்பத்தெட்டு,” என்று யூலியானா திருப்பிச் சொன்னார். “சும்மா இடத்தைப் பிடிச்சுக்கொண்டு. உமக்குப் பதிலா, மேலை நிண்ட அந்தப் பெரிய உடம்புக்காரி, றெக்சியின்ரை அம்மாவை ஏத்தியிருக்கலாம்.”

“நான் என்ன செய்ய, அக்கா. கெதியிலை நிறை வைப்பன்.”

யூலியானாவின் மடியில் குகைக் கோயிலில் பிடித்த தண்ணீர்ப் போத்தல் இருந்தது. அவர் மூடியைத் திறந்தார்.

“குடியாதையும்,” என்றார் பரமேஸ்வரி. “பாரம் குறைஞ்சிடும்.”

“குடிச்சாலும் எனக்குள்ளைதானே அக்கா இருக்கும்.”

எமிலியானா அதுவரை சிரிக்கவில்லை. கை இரண்டும் சுக்கானில், கண் வீதியில், காது எண்ணில். ஆனால் யூலியானா சொன்னது முழுக்கச் சரி என்பதுதான் அவரைக் கவிழ்த்தது. ஒரு தசமமும் பிழை இல்லாத பதில். சிரிப்பு வயிற்றில் தொடங்கி, தோளுக்கு வந்து, கண்ணில் நீராக நின்றது. வளைவில் வீதியோரமாக ஒதுக்கி நிறுத்தவேண்டி வந்தது. கீழே மொண்டெல்லோக் குடா முழுவதும் குடைகளாகத் தெரிந்தது. பின்னால் மகேந்திரராசாவும் நிறுத்தி, இறங்கி ஓடி வந்து கண்ணாடியில் தட்டினார்.

“என்ன, பிறேக்கோ?”

ஐந்து பெண்களும் சிரித்துக் குலுங்கினார்கள். பரமேஸ்வரி மட்டும் ஒருவாறு, “நிறை,” என்றார். மகேந்திரராசா ஒன்றும் விளங்காமல் போய்த் தன் காரில் ஏறினார்.

“யோசிச்சுப் பார் எமிலி,” என்றார் பரமேஸ்வரி, கார் மறுபடி உருளத் தொடங்கியபோது. “நாங்கள் மேலை ஏறினது ஆரின்ரை பலத்திலை? நேற்று உன்ரை சோத்தைத் திண்டுதானே ஏறினது. அந்தச் சோறுதான் இப்ப உன்ரை பற்றறிக்குள்ளை போகுது.”

எழுபத்தைந்து வந்தது. அகஸ்ரீனா பாடத் தொடங்கினார். வளைவுகளில் எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். சாய்வதால் எண் கூடிவிடாது என்று எமிலியானா சொன்னார், ஆனால் ஒருவரும் நிறுத்தவில்லை. சின்யோரா ஒர்னெல்லாவின் வாசலில் கார் நின்றபோது எண் எழுபத்தாறு.

சின்யோரா படலையில் நின்றார். பக்கத்தில் சால்வோ, கையில் தொலைபேசி, மற்றவருக்குச் சொல்ல ஆயத்தமாக. காரிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக இறங்க இறங்க, சின்யோரா விரலால் எண்ணினார்.

“இத்தனை பேர் இதற்குள் இருந்தார்களா? நான் பதின்மூன்று வருடம் தனியாகவே ஓடினேனே,” என்றார் இத்தாலிய மொழியில். “அல்லோறா, எமிலியானா? முடிவு என்ன?”

எமிலியானா வாயைத் திறக்குமுன் மகேந்திரராசா வந்துவிட்டார். எட்டிப்பார்த்து எழுபத்தாறைக் கண்டார். நேர்மையான மனிதர், எண்ணை மறுக்கவில்லை.

“இந்த நாலு பேரும் இல்லாட்டில் எவ்வளவு வந்திருக்கும், தங்கச்சி?”

பெண்களின் முகம் மாறியது. எமிலியானா பார்சல் பெட்டியின் மூடியைக் கிழித்து, காரின் மேல் வைத்து எழுதினார். நாலு பேருமாக முந்நூற்றேழு கிலோ. மலை நானூறு மீற்றரும் கொஞ்சமும். பாரத்தை உயரத்தால் பெருக்கி, வழியில் வீணாவதைக் கழித்தால், அவர்கள் கொடுத்தது கால் யூனிற். பதினொரு யூனிற் பற்றறியில் அது இரண்டு வீதத்துக்குச் சற்றே மேல். இரண்டு தரம் போட்டுப் பார்த்தார். அங்கே நின்ற வேறு எவருக்கும் அந்தக் கணக்குத் தெரியாது. எந்த எண்ணைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

“எழுபத்துநாலு,” என்றார்.

“எழுபத்தைஞ்சு எண்டு நீதானே சொன்னனீ.”

“ஓம்.”

சால்வோ கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஒரு மணிக்கு இன்னும் நாலு நிமிடம். எமிலியானா மூடியில் எழுதியதையே பார்த்துக்கொண்டு நின்றார். கணக்கில் பிழை இல்லை. எழுபத்துநாலு சரி, வரம்பும் சரி. ஆனாலும் ஏதோ ஒன்று, உப்புப் போட்ட பிறகும் உப்பில்லாத குழம்பு மாதிரி, பொருந்தாமல் நின்றது.

“பரமேஸ்வரியக்கா,” என்றார். “இந்த எட்டு வருசத்திலை நான் மலையாலை தனிய இறங்கின ஞாயிறு எத்தினை?”

பரமேஸ்வரி யோசிக்கவேயில்லை. “ரெண்டு. போன ஞாயிறும், அதுக்கு முதல் ஞாயிறும். அதுக்குத்தானே உன்னோடை கோவம்.”

எமிலியானா மூடியை மடித்தார்.

“அண்ணை, பிழை இண்டைக்கு நடக்கேல்லை. முதல் ரெண்டு ஞாயிறும் நடந்தது. மேலை போகேக்கை பார்சல், கீழை வரேக்கை ஆக்கள். அதுதான் என்ரை பாரம். தனிய இறங்கிற எமிலியானா எண்டு ஒருத்தி இல்லை. இல்லாத ஆளுக்குக் கார் வாங்கேலாது.”

மகேந்திரராசா நெற்றியைத் தடவினார். “அப்ப டீசலுக்கும் ஆக்களை ஏத்தி இறக்கிப் பாக்கவேணும். அதுதான் நீதி.”

“ஏத்துங்கோ. கோயில்பற்றுச் சனம் முழுக்க ஏத்துங்கோ. இறங்கி வந்தாப் பிறகு தாங்கியிலை ஒரு சொட்டு டீசல் கூடியிருக்கோ எண்டு பாப்பம்.”

மகேந்திரராசா தன் காரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “டீசல் ஆக்களிட்டை வாங்கித் தின்னாது,” என்றார், டீசலின் மானத்தைக் காப்பாற்றுகிற குரலில். ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

“சீ, சின்யோரா,” என்று எமிலியானா இத்தாலிய மொழியில் ஓம் சொன்னார். “எடுக்கிறன்.”

சால்வோ தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தான். சின்யோராவுக்கு என்ன நடந்தது என்று சாரங்கா தன் புதிய இத்தாலிய மொழியில் விளக்கினாள். கிலோ என்ற சொல் ஒன்பது தரம் வந்தது. முடிவில் சின்யோரா தன் நாற்பத்தாறு கிலோவையும் தேவையானால் தருவதாகச் சொன்னார். நடந்து ஏறி வந்தால் ஏற்றுக்கொள்வோம் என்று பரமேஸ்வரி கையால் காட்டினார்.

அன்று எமிலியானா வீட்டுக்குப் போய், மாலைச் சுற்றையும் முடித்து வந்தபோது பற்றறியில் முப்பத்தொன்று இருந்தது. இரவு நிரப்பியபோது சுவர் மீற்றர் காட்டியதில், மாலைச் சுற்றின் பங்கைக் கழித்தால் மலைச் சுற்றுக்கு ஐந்து யூனிற். இரண்டரைப் பானை. மகேந்திரராசா விடவில்லை. மின்சாரம் வானத்திலிருந்து வராது, அதையும் எங்கோ எதையோ எரித்துத்தான் எடுக்கிறார்கள், ஆகவே இரட்டிப்பாக்கவேண்டும் என்றார். எமிலியானா அதையும் ஏற்று ஐந்து பானை என்று எழுதிக்கொண்டார். ஐந்தும் பத்தில் பாதிதான். மகேந்திரராசா இன்றுவரை ஐந்து என்றே சொல்லிவருகிறார். எமிலியானாவுக்கு அதில் மறுப்பு இல்லை.

ஒன்று மட்டும் அவரை உறுத்தியது. நாலு பேரும் கொடுத்த கால் யூனிற். அளந்து வாங்கிய எதையும் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருக்கும் பழக்கம் அவரிடம் இல்லை. கால் யூனிற் என்பது அரைக்கால் பானை, எட்டில் ஒரு பங்கு. அரைக்கால் பானை அரை கிலோ அரிசி. அரை கிலோவில் நாலு பார்சல் வரும். அடுத்த ஞாயிறு மலை உச்சியில் நாற்பது பார்சலுக்குப் புறம்பாக நாலு பார்சலைத் தனியே கட்டி வைத்திருந்தார். கீழே இறங்க வருகிற நாலு பேருக்கு.

அதைக் கேள்விப்பட்டதும் காருக்கு முன்னால் வரிசை உண்டானது. தங்கள் நிறையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு பெண்கள் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், டீசல் காரைக் கீழேயே விட்டுவிட்டு அன்று நடந்து ஏறியிருந்த மகேந்திரராசா, நூற்றுநாலு என்றார். அவருக்கு எல்லோரும் வழி விட்டார்கள்.

மற்ற மூன்று இடமும் பழைய ஆட்களுக்கே கிடைத்தன. பரமேஸ்வரியும் அகஸ்ரீனாவும் ஏறினார்கள். சாரங்காவைக் கண்டதும் பரமேஸ்வரி காருக்குள்ளிருந்தபடியே வழக்கை எடுத்தார்.

“நிறையின்படி பாத்தால் இவளுக்கு அரைப் பார்சல்தான் வரும். என்ரையிலையும் பாதியளவுதானே பாரம் தாறாள்.”

எமிலியானா ஒரு கணம் மனதுக்குள் வகுத்துப் பார்த்தார். பரமேஸ்வரி சொன்னது ஏறத்தாழச் சரி. அவர் முழுப் பார்சலை எடுத்து, மேலே இன்னொரு பொரித்த மீனும் வைத்து, சாரங்காவின் கையில் கொடுத்தார்.

“முழுக்கத் திண்டுட்டு ஏறு,” என்றார்.